அப்பா பெயரில் இரண்டு வருஷம்

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே விடிகாலை ஐந்தேகாலுக்கு நின்றிருக்கிறீர்களா? இருட்டு முழுசாக விலகியிருக்காது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கமிருந்தும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்தும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, காக்கிச் சட்டை என்று பையன்களும் பெண்களும் அவரவர் பஸ்ஸைத் தேடி ஓடுவார்கள். காலில் சேஃப்டி ஷூ, கழுத்தில் டேக். பாதிப் பேர் இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

போன ஆடி மாதம் ஏ ஷிப்டுக்கு அங்கே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் லைனுக்குப் புதிதாக வந்த டிரெய்னி ஒருவன் பக்கத்தில் நின்றான். ஜார்க்கண்டிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. டேக்கைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னப்பா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“பையா, யே மேரா நாம் நஹீ ஹை. பாப்பா கா ஹை.”

டேக் அடித்த இடத்தில் அவன் பெயரையும் அப்பா பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். போட்டோ அவனுடையது, கீழே இருக்கும் பெயர் அவன் அப்பாவுடையது. சூப்பர்வைசர் நாலு நாளாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். இவனும் திரும்பிப் பார்க்கிறான்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் மனசு அதிலேயே நின்றது. ஏனென்றால் பத்தொன்பது வயதில் நானும் அப்பா பெயரைச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில் பெட்டியோடு போய் இறங்கியவன். இரண்டு வருஷம் என்னை யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

என்னைப் பற்றி இங்கே வாசிக்கிறவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மார்மன். சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை. ஜோசப் ஸ்மித் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. இன்று தலைமையிடம் சால்ட் லேக் சிட்டி. பைபிளோடு மார்மன் புத்தகத்தையும் வேதமாக வைத்திருப்பதால் உலகம் எங்களுக்கு அந்தப் பெயரை வைத்தது.

நான் கோயம்புத்தூர்க்காரன். எங்கள் ஊரில் இந்தச் சபையின் கதை ஒரு சின்னப் பிரசுரத்தில் ஆரம்பிக்கிறது. 1954இல் அது பால் திருத்துவதாஸ் என்பவர் கைக்குக் கிடைத்தது. அவர் படித்தார், அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார், பதில் வந்தது, மறுபடி எழுதினார். ஞானஸ்நானம் பெறுவதற்கு 1965 வரை காத்திருந்தார். மார்மன் புத்தகத்தின் சில பகுதிகள் தமிழில் அச்சாக 1982 ஆயிற்று. என் அம்மா ஜெபத்துக்கு உட்காரும்போது மடியில் வைத்துக்கொள்வது அந்தத் தமிழ்ப் புத்தகத்தைத்தான்.

எங்கள் சபையில் வாலிபப் பையன்கள் இரண்டு வருஷம் மிஷனரியாகப் போவது வழக்கம். பெண்கள் விருப்பப்பட்டால் ஒன்றரை வருஷம். முன்பு பையன்களுக்குப் பத்தொன்பது வயது ஆக வேண்டும் என்றிருந்தது. 2012இல் அதைப் பதினெட்டாகவும், பெண்களுக்கு இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகவும் குறைத்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வேலை செய்கிறார்கள். சம்பளம் கிடையாது. எந்த ஊர் என்று நாம் கேட்கவும் முடியாது. கடிதம் வரும், போக வேண்டும். நான் டிப்ளமோ முடித்து, ஒரு பம்ப் பட்டறையில் ஒரு வருஷம் வேலை பார்த்துக் காசு சேர்த்தேன். 2016இல் கடிதம் வந்தது. பெங்களூரு மிஷன், தெலுங்குப் பகுதி. அதில் நான் அதிக நாள் இருந்த ஊர் கோதாவரிக் கரையில் உள்ள ராஜமுந்திரி.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மிஷனரிகள் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரால்தான் கூப்பிட வேண்டும், முன்னால் ‘எல்டர்’ என்று சேர்த்து. தமிழ் பைபிளில் மூப்பர் என்று வருமே, அந்தச் சொல்தான். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தானே! பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தால் அங்கே அப்பா வந்து நிற்பார். அப்படித்தான் கருப்பு பிளாஸ்டிக் பேட்ஜில் வெள்ளை எழுத்தில் ‘எல்டர்’ என்று போட்டு, பக்கத்தில் என் அப்பாவின் பெயர் வந்தது. அப்பா மில் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பேட்ஜ் வந்த அன்று அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “என் பேரு ஊரெல்லாம் போகுது பாரு” என்று அம்மாவிடம் சொன்னார். அந்தப் பெயரோடு தப்பான இடத்தில் நிற்கக் கூடாது என்ற பயம் இரண்டு வருஷமும் என் நெஞ்சில் இருந்தது. நல்ல பயம் அது.

மிஷனரியின் நாள் என்றால் பிரசங்கமும் பரவசமுமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பகுதி சமையல், துணி, நடை, காத்திருப்பு. காலை 6.30க்கு எழுந்து மண்டியிட்டு ஜெபம், அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளித்து, சாப்பிட்டு, 8 மணிக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தனிப் படிப்பு, ஒரு மணி நேரம் கம்பேனியனோடு, அதாவது கூடவே தங்கும் ஜோடி மிஷனரியோடு, சேர்ந்து படிப்பு, அப்புறம் மொழிப் பாடம். அதற்குப் பிறகுதான் தெருவில் கால் வைப்போம். இரவு ஒன்பது, மிஞ்சினால் ஒன்பதரைக்குள் ரூமுக்கு வந்து மறுநாள் யாரைப் பார்ப்பது என்று எழுதி வைப்போம். 10.30க்கு விளக்கு அணையும்.

சினிமா கிடையாது. 2017 ஏப்ரலில் பாகுபலி இரண்டாம் பாகம் வந்தபோது ஊரே தியேட்டர் வாசலில் நின்றது, நாங்கள் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்துபோனோம். பெண்களோடு பழக்கம் கிடையாது. டீ, காபி, மது, புகையிலை எதுவும் கிடையாது. வீட்டுக்குப் போன் வருஷத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். மற்றபடி திங்கள்கிழமை மட்டும் நெட் சென்டரில் உட்கார்ந்து மெயில் அனுப்பலாம். நான் ஊர் திரும்பிய பிறகு, 2019 பிப்ரவரியில், வாரம் ஒரு தடவை வீட்டோடு பேசலாம் என்று மாற்றினார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று அம்மா, “நீ கொஞ்சம் லேட்டாப் போயிருக்கலாங் கண்ணு” என்றார்.

அம்மாவுக்கு மெயில் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு அக்கா தமிழில் டைப் செய்து அனுப்புவார். எல்லா மெயிலும் ஒரே வரியில்தான் தொடங்கும். சாப்ட்டியா கண்ணு, மேலுக்கு ஒண்ணும் இல்லியே.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, தனியாக எங்கேயும் போகக் கூடாது. கம்பேனியன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இயேசு தம் சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பியதாக வேதத்தில் இருக்கிறது. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் தனியாக வரவில்லை, புளுட்சோ கூட இருந்தார். சீகன்பால்குவுக்கு மறுநாள்தான் இருபத்துநான்கு முடிந்தது. எங்கள் சபையின் ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் மதராஸ் துறைமுகத்துக்கு வந்தபோதும் துணைக்கு ஆள் இருந்தார்கள். பாலன்டைன் சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். இங்கே ஒரு வருஷம் இருந்தார், பத்திரிகைகூட அச்சடித்தார். மிகச் சிலரே அவர் பேச்சைக் கேட்டார்கள். 1854இல் கப்பலேறிவிட்டார். வெயிலில் நடந்தும் யாரும் வீட்டுக்குக் கூப்பிடாத நாட்களில் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

ராஜமுந்திரியில் என் கம்பேனியன் அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து வந்தவன். உருளைக்கிழங்கு விளைவிக்கிற குடும்பம். இருபது வயது, ஆறடிக்கு மேல் உயரம். அவனுக்கு நான் துணி துவைக்கச் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளைச் சட்டையின் காலரில் ஒரு நாளில் படியும் அழுக்கு இருக்கிறதே, அதைப் பார் சோப்புப் போட்டுக் கல்லில் தேய்த்து, கடைசித் தண்ணீரில் உஜாலா நாலு சொட்டு விட்டு, தண்ணீர் முழுக்க நீலம் கலந்த பிறகுதான் சட்டையை முக்க வேண்டும். நேராகச் சட்டைமேல் விட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அவன் முதல் சட்டையில் தோளில் ஒரு நீலத் திட்டு விழுந்தது. கடைசி வரை அந்தச் சட்டையைத் தூக்கிப் போடவில்லை. அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, ராத்திரி தூங்கும் முன்பு அன்று நம்மிடம் அன்பாக இருந்தவர்கள் பெயர்களை நோட்டில் எழுதி வைப்பது. அந்தப் பழக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பாஷைதான் முதல் மூன்று மாதம் என்னை உடைத்தது. தெலுங்கு பக்கத்து வீட்டு மொழிதானே என்று நினைத்துப் போனேன். வாயைத் திறந்தால் குழந்தை மாதிரி ஆகிவிட்டேன். கடையில் தண்ணீர் கேட்கக் கையைக் காட்ட வேண்டியிருந்தது. அப்போது எனக்குத் தெம்பு கொடுத்தது சீகன்பால்கு கதை. அவர் தரங்கம்பாடியில் தமிழ் வாத்தியார் ஒருவரைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அந்த விரல்தான் பிறகு புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதி, 1715இல் அச்சில் கொண்டுவந்தது. நானும் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் போய் உட்கார்ந்தேன். அவர்கள் எனக்கு ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ‘இல்லு’. தண்ணீருக்கு ‘நீள்ளு’. சொல்லுங்கள் என்பதற்கு ‘செப்பண்டி’. ஒருநாள் ராத்திரி நோட்டில் இவற்றை வரிசையாக எழுதியபோது சட்டென்று கண்ணில் பட்டது. இல், நீர், செப்பு. பள்ளிக்கூடத்தில் செய்யுளில் படித்துவிட்டு மறந்துபோன என் சொற்கள், கோதாவரிக் கரையில் தினப்படி புழக்கத்தில் இருந்தன. அன்றிலிருந்து அந்த ஊர் எனக்கு வெளியூராகத் தெரியவில்லை.

ஆனால் ஊருக்கு நாங்கள் வெளியாட்கள்தான். மதம் மாற்ற வந்தவர்கள் என்ற சந்தேகம் பலர் பார்வையில் இருந்தது. அந்தச் சந்தேகம் எனக்குப் புரிந்தது, அதற்காக யார் மேலும் வருத்தப்பட்டதில்லை. கதவு கதவாகத் தட்டிப் போக மாட்டோம். கூப்பிட்ட வீட்டுக்குத்தான் போவோம். வாசலில் செருப்பைக் கழற்றி, உட்காரச் சொன்ன பிறகு உட்காருவோம்.

அப்படி உட்கார்ந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சபை உறுப்பினர் ஒருவரின் பக்கத்து வீட்டு அம்மா. கணவர் இல்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். சாமி மாடத்தில் அன்னவரம் சத்யநாராயண சுவாமி படம். முதல் நாள் எங்கள் இருவரையும் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கேட்காமலே டீ போட்டுக் கொண்டுவந்துவிட்டார். நான் எழுந்து நின்று, “மேமு டீ தாகமண்டி” என்றேன். நாங்கள் டீ குடிப்பதில்லை என்று அர்த்தம். அவர் முகம் வாடியது. நம் பக்கத்திலும் அப்படித்தானே. ஒரு வீட்டில் கொடுக்கிற டீயை வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்ற மாதிரி. மத வழக்கம் என்று எனக்குத் தெரிந்த அரைத் தெலுங்கில் விளக்கினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தெருவில் போனோம். அவர் வாசலிலேயே நின்று கூப்பிட்டார். உள்ளே போனால் மேசைமேல் இரண்டு சில்வர் டம்ளர்கள், தட்டுப் போட்டு மூடி. மோர். தெலுங்கில் மஜ்ஜிக. இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பானைத் தண்ணீர் விட்டுக் கலக்கியிருந்தார். “இதி தாகச்சா?” இதைக் குடிக்கலாமா என்று கேட்டார். ஐடஹோக்காரன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினான். அவர் சிரித்த சிரிப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் போகாத நாளிலும் இரண்டு டம்ளர் மோர் எடுத்து வைத்திருந்தாராம். பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

ஒருநாள் அவர் கேட்டார். “மீதி தமிழ்நாடு கதா பாபூ, ஸ்ரீபெரும்புதூர் தெலுசா?” தெரியுமா என்று கேட்டால் ராமானுஜர் பிறந்த ஊர் என்றும், ராஜீவ் காந்தி இறந்த ஊர் என்றும்தான் எனக்குத் தெரியும். அவருடைய ஒரே பையன் அங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்தான். ஆறு பேர் ஒரு ரூமில், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பாஷை வரவில்லை என்று போனில் சொல்லுவானாம். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு பப்பும் சோறும் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“நேனு மீக்கு பெடிதே, அக்கட மா அப்பாயிக்கி எவரோ பெடதாரு.”

நான் உங்களுக்குப் போட்டால், அங்கே எங்கள் பையனுக்கு யாரோ போடுவார்கள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் ஊரிலும் சொல்வோம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை காதில் விழுந்த பழமொழி. அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் என் இலையில் விழுந்தது. வேதம் சொல்லிக் கொடுக்கப் போனவன் நான். அந்த வீட்டில் நான்தான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கள் சபையில் சேரவில்லை. நான் கிளம்பும் வரை என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், இன்றும் போனில் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஊரைவிட்டு மாறும் உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றல் பட்டியல் போடுவார்கள். என் முறை வந்தபோது சாயங்காலம் கோதாவரிப் படித்துறையில் போய் உட்கார்ந்தோம். அந்த நதியில் தவளேஸ்வரத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனுக்கு அந்த மாவட்டத்துக் கிராமங்களில் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். 1852இல் கட்டி முடித்த அணை. நம் கொள்ளிடத்தில் 1836இல் மேலணை கட்டியவரும் அவர்தான். எங்கிருந்தோ வந்தவர் விட்டுவிட்டுப் போன தண்ணீரை மக்கள் மறக்கவில்லை. நான் விட்டுவிட்டுப் போக என்ன இருக்கிறது என்று அன்று யோசித்தேன். அந்த அம்மா எனக்கு ஒரு டப்பா நிறைய ஆவக்காய் ஊறுகாய் கொடுத்திருந்தார். என் கையில் இருந்தது அது ஒன்றுதான். வாங்கிக்கொண்டு போகிறவனாகத்தான் கிளம்பினேன்.

2018இல் ஊர் திரும்பினேன். வேலை தேடினேன். அடுத்த வருஷம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே அந்த அம்மாவுக்குப் போன் செய்து, “உங்கள் பையன் பக்கத்தில் வந்துவிட்டேன், நம்பர் கொடுங்கள்” என்றேன். அவன் நாலு மாதம் முன்பே வேலை முடிந்து புனேவுக்குப் போய்விட்டான் என்றார். எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. இத்தனை மோருக்கு ஒரு வேளைச் சோறாவது திருப்பிப் போட்டுவிடலாம் என்று வந்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சுற்றிலும் பார்க்க ஆரம்பித்தேன்.

இந்தத் தொழிற்சாலைச் சாலை எப்படி வளர்ந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, 1998இல் முதல் சாண்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா திறந்து, 2014இல் மூடிப் போனது. அதில் வேலை செய்த பெண்களில் சிலர் இன்னும் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இருக்கிறார்கள். 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012இல் டெய்ம்லர். மாத்தூர், வல்லம், பண்ருட்டி, சுங்குவார்சத்திரம் என்று ஏரிக்கரைக் கிராமங்கள் முழுக்க வாடகை ரூம்களாக ஆயின. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 706.50 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஒரு சின்ன நகரம் அளவுக்கு வாலிபப் பெண்கள் ஒரே வளாகத்தில்.

இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பார்த்தால் என் மிஷனரி நாட்களின் அச்சு அப்படியே தெரிகிறது. பத்தொன்பது வயது. தெரியாத ஊர். பெரும்பாலும் இரண்டு வருஷ டிரெய்னி வேலை. கழுத்தில் பெயர். எல்லாருக்கும் ஒரே உடை. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். எந்த லைன், எந்த ஷிப்ட், யார் கூட என்று வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

ஆனால் என்னை அனுப்பியவர்கள் எனக்குக் கூடவே சிலவற்றைக் கொடுத்து அனுப்பினார்கள். தனியாக விடாத ஒரு கம்பேனியன். பாஷை கற்க ஒரு தினசரி நேரம். வாரத்தில் ஒரு நாள் துணி துவைத்து, வீட்டுக்கு எழுதி, மூச்சு விட நேரம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை “எப்படி இருக்கிறாய், மனசு சரியாக இருக்கிறதா” என்று உட்கார வைத்துக் கேட்கும் ஒரு பெரியவர். ஞாயிற்றுக்கிழமை போனால் கை குலுக்கும் ஒரு கூட்டம். போகும்போதும் வரும்போதும் வாழ்த்தும் ஒரு சபை. இவை இருந்தும் நான் பல ராத்திரி தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறேன். இவற்றில் எதுவும் இல்லாமல் இந்தப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஷிப்ட் மாறும் வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் லீவு தூக்கத்தில் போய்விடுகிறது. வடநாட்டுப் பையன்களுக்கு வீடு இல்லை என்ற பதிலை நாலு தெரு கேட்டுவிட்டு வந்த பிறகு, அஞ்சாவது தெருவில் எட்டுப் பேருக்கு ஒரு ரூம் கிடைக்கிறது. இரண்டு வருஷம் முடிந்து கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை கூட வர யாரும் இல்லை.

லைனில் அவர்களை ‘ஹிந்தி’ என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். “ஏ ஹிந்தி, அதை எடு.” எனக்கு அது தாங்க முடியாத ஒன்று. டேக்கில் பெயர் இருக்கிறது. படிக்கலாமே.

ராமானுஜர் பிறந்த மண் இது. 1017 என்று மரபு சொல்கிறது. பிறகு சோழ நாட்டில் இருக்க முடியாமல் கன்னட தேசத்து மேல்கோட்டைக்குப் போய்ப் பல வருஷம் இருந்தார். அவர் திரும்பும்போது அந்த ஊர்ச் சீடர்கள் பிரிவு தாங்காமல் அவர் உருவத்தைச் சிலையாக வைத்துக்கொண்டார்கள். தமர் உகந்த திருமேனி என்று அதற்குப் பெயர். தம்மைச் சேர்ந்தவர்கள் விரும்பிய மேனி. ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் வேலையாகப் போனபோது ஒரு பெரியவர் இதை எனக்குச் சொன்னார். நான் வேறு மார்க்கத்தைச் சேர்ந்தவன். ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் என்னைவிட்டுப் போகவில்லை. வேறு மொழி பேசுகிற ஊர், வந்து தங்கிய ஒருவரை இவ்வளவு தூரம் தன்னவராக நினைத்திருக்கிறது. அவரைப் பெற்ற ஊருக்கு அதே மனசு இல்லாமல் போகுமா?

நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. கம்பெனியில் மதம் பேசுவதில்லை. அது என் கொள்கை. ஹிந்தி நாற்பது ஐம்பது வாக்கியம் கற்றுக்கொண்டேன், ஒடியாவில் பத்து. மணலில் எழுதிக் கற்ற சீகன்பால்குவை நினைத்தால் கூச்சம் போய்விடும். புதிதாக வருகிறவனின் பெயரை முதல் நாளே கேட்டு, அவன் சொல்கிற மாதிரியே சொல்லிப் பழகுகிறேன். எனக்கு மோர் எடுத்து வைத்த வீட்டை மனதில் வைத்து, அவனுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று கேட்கிறேன். நம் புளிக்குழம்பு பலருக்கு முதல் மாதம் வயிற்றுக்குச் சேர்வதில்லை.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக்கான காசை ஏழைகளுக்கென்று கொடுக்க வேண்டும். காலையில் படப்பை வழியாகத் தாம்பரம் போய், சென்னையில் ஆராதனை முடித்து, மதியத்துக்கு மேல் திரும்புவேன். அன்று சாயங்காலம் என் ரூமில் சமைப்பேன். பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு பொரியல். நாலு பேர், ஆறு பேர் வருவார்கள். உபவாசம் விடும் சாப்பாடு தனியாகச் சாப்பிட்டால் இறங்காது.

இதை வாசிக்கிற ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாடி ரூமில் குடியிருக்கும் பிள்ளைகளின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்குக் கேளுங்கள். பொங்கலன்று ஒரு கிண்ணம் மேலே கொடுத்து அனுப்புங்கள். அவன் காலி பண்ணிப் போகிற நாளில் அட்வான்ஸ் கணக்கோடு ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு ரூமில் இருப்பார்கள்.

அந்த ஜார்க்கண்ட் பையனின் டேக்கை மாற்றித் தர மூன்று வாரம் ஆனது. நான் இரண்டு தடவை கூடப் போய்ப் பேசினேன். புது டேக் வந்த ஞாயிறு என் ரூமுக்குச் சாப்பிட வந்தான். பாதிச் சாப்பாட்டில் அவன் அம்மாவின் வீடியோ கால். கேமராவைத் தட்டின் பக்கம் திருப்பிப் பருப்பையும் உருளைக்கிழங்கையும் காட்டினான். பிறகு என் பக்கம் திருப்பினான். ஓட்டு வீட்டுத் திண்ணை, முக்காடு போட்ட அம்மா, பின்னால் ஒரு ஆடு. அவர் என்னிடம் ஏதோ கேட்டார். அவர் பேச்சு அவர்கள் ஊர் வழக்கில் இருந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. அவனைப் பார்த்தேன்.

“நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க” என்றான். தமிழில் சொன்னான். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.